கேரளத்தில் தொட்டில்கள் குறைவது ஏன்?

பத்தனம்திட்டா கேரளத்தில் உள்ள ஒரு மாவட்டம். சபரிமலை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. சபரிமலைக்குப் போனவர்கள் இந்த வழியாகத்தான் போயிருப்பார்கள். சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நிற்கும். மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய வீடுகள் தெரியும்.

வீடுகள் அழகாக இருக்கின்றன. ஆனால் பல வீடுகளின் வாசலில் பூட்டுத் தொங்குகிறது. சில வீடுகளில் வயதான தாயும் தந்தையும் மட்டும் இருக்கிறார்கள். மகன் துபாயில் வேலை பார்ப்பார். மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருப்பார். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். போனில் பேரக் குழந்தையின் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் இரவில் நெஞ்சு வலித்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை.

2001 ஆம் ஆண்டு இந்த மாவட்டத்தில் 12 லட்சத்து 34 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 11 லட்சத்து 97 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். பத்து ஆண்டுகளில் மக்கள் தொகை கூடவில்லை, குறைந்துவிட்டது. பக்கத்து மாவட்டமான இடுக்கியிலும் இப்படித்தான் குறைந்தது.

பஞ்சம் வந்தால் ஊர் காலியாகும். நோய் வந்தாலும் காலியாகும். இங்கே பஞ்சமும் இல்லை, கொள்ளை நோயும் இல்லை. பிறகு ஏன் ஆட்கள் குறைந்தார்கள்?

வாழ நல்ல இடம்

கேரளம் 1956 நவம்பர் 1 இல் தனி மாநிலமானது. இது சிறிய மாநிலம். மலை, சமவெளி, கடற்கரை மூன்றும் இங்கே உண்டு. மலையில் தேயிலை, ஏலக்காய், மிளகு விளைகின்றன. இந்தியாவில் கிடைக்கும் ரப்பரில் பெரும் பகுதி இங்கிருந்துதான் வருகிறது. கடலில் மீன் வளம் உண்டு. கொச்சியில் பெரிய துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் இருக்கின்றன. 'விக்ராந்த்' என்ற விமானம் தாங்கிப் போர்க்கப்பல் அங்கேதான் கட்டப்பட்டது. அது 2022 இல் கடற்படையில் சேர்ந்தது.

படிப்பிலும் கேரளம் முன்னே நிற்கிறது. 1990 இல் எர்ணாகுளம் இந்தியாவிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. கோழிக்கோட்டில் நடந்த அந்த விழாவில் அறிவிப்பைப் படித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. அவர் அமைச்சர் அல்ல, அதிகாரியும் அல்ல. முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்ட ஒரு பெண்மணி.

உடல்நலத்தைப் பாருங்கள். 2023 கணக்கின்படி, இந்தியாவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 25 குழந்தைகள் ஒரு வயது ஆவதற்குள் இறந்துவிடுகின்றன. கேரளத்தில் 5 குழந்தைகளே இறக்கின்றன. நிதி ஆயோக் 2023 இல் வெளியிட்ட வறுமைக் கணக்கிலும் கேரளத்தில்தான் வறுமை மிகக் குறைவு. அங்கே இருநூறு பேரில் ஒருவர்தான் ஏழை.

வருமானம் இருக்கிறது. பள்ளி இருக்கிறது. ஆஸ்பத்திரி இருக்கிறது. வாழ நல்ல இடம்தான். ஆனாலும் மக்கள் தொகை மெதுவாகத்தான் கூடுகிறது.

ஒரு காலத்தில் வேகம்

கேரளம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1961 இல் அங்கே 1 கோடியே 69 லட்சம் பேர் இருந்தார்கள். 1971 இல் அது 2 கோடியே 13 லட்சம் ஆனது. நூறு பேர் இருந்த இடத்தில் பத்தே ஆண்டுகளில் 126 பேர் வந்துவிட்டார்கள். அப்போது இந்தியா முழுவதிலும் நூறு பேர் 125 பேர் ஆனார்கள். அதாவது நாட்டை விடக் கேரளம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நிலம் போதாது, சோறு போதாது என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள்.

பிறகு வேகம் குறைந்தது. 1991 முதல் 2001 வரை நூறு பேர் 109 பேர் ஆனார்கள். 2001 முதல் 2011 வரை நூறு பேர் 105 பேர்தான் ஆனார்கள். அதே பத்து ஆண்டுகளில் இந்தியா முழுவதிலும் நூறு பேர் சுமார் 118 பேர் ஆனார்கள். பீகாரில் 125 பேர் ஆனார்கள். 2011 இல் கேரளத்தின் மக்கள் தொகை 3 கோடியே 34 லட்சம்.

பிறப்பும் குறைந்து வருகிறது. 2014 இல் கேரளத்தில் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 2023 இல் 4 லட்சத்துக்கும் குறைவாகவே பிறந்தன.

காரணம் என்ன?

முதல் காரணம் பெண் கல்வி. படிக்கும் பெண்ணுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் நடப்பதில்லை. படிப்பு முடியும். வேலை தேடுவாள். பிறகுதான் கல்யாணம். எத்தனை குழந்தை வேண்டும் என்பதை அவளும் சேர்ந்து முடிவு செய்கிறாள்.

இரண்டாவது காரணம் நம்பிக்கை. அந்தக் காலத்தில் ஏழு, எட்டுக் குழந்தைகள் பெற்றார்கள். அவற்றில் சில இறந்துவிடும் என்ற பயம் இருந்தது. "நாலு பெற்றால்தான் இரண்டு மிஞ்சும்" என்று நினைத்தார்கள். பெற்ற குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு இரண்டு போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி இருந்ததால் குடும்ப நல முறைகளும் எளிதாகக் கிடைத்தன.

மூன்றாவது காரணம் செலவு. குழந்தைகளை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்பட்டார்கள். ஐந்து பேரைப் படிக்க வைக்க முடியாது. ஒருவரை அல்லது இருவரைப் படிக்க வைக்கலாம்.

ஒரு தாயும் தந்தையும் இரண்டு பேர். அவர்கள் இடத்தை நிரப்ப இரண்டு குழந்தைகள் வேண்டும். சில குழந்தைகள் இளம் வயதில் இறப்பதையும் சேர்த்து, ஒரு தாய்க்கு 2.1 என்று கணக்கிடுகிறார்கள். அதாவது பத்துத் தாய்மாருக்கு 21 குழந்தைகள். 2019-21 இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கேரளத்தில் பத்துத் தாய்மாருக்கு 18 குழந்தைகள்தான். தமிழ்நாட்டிலும் அதே 18 தான். இந்தியாவுக்கு 20. பீகாரில் 30.

படிப்பு இருக்கிறது, வேலை எங்கே?

நான்காவது காரணம் வெளிநாடு. 1970களில் வளைகுடா நாடுகளில் எண்ணெய்ப் பணம் பெருகியது. கட்டடம் கட்டவும், கடை நடத்தவும், நோயாளிகளைப் பார்க்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். கேரளத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 2023 இல் நடந்த கேரளக் குடியேற்ற ஆய்வின்படி 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் அவர்கள் அனுப்பிய பணம் சுமார் 2 லட்சத்து 16 ஆயிரம் கோடி ரூபாய்.

இந்தப் பணம் வீடு கட்டியது. தங்கை கல்யாணத்தை நடத்தியது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆனால் பணம் வந்த அளவுக்குத் தொழிற்சாலைகள் வரவில்லை. படித்தவர்களுக்கு ஏற்ற வேலை உள்ளூரில் போதவில்லை. எனவே அடுத்த தலைமுறையும் பெட்டியைக் கட்டியது. இப்போது வேலைக்கு மட்டும் அல்ல, படிப்பதற்கே வெளிநாடு போகிறார்கள். அதே 2023 ஆய்வில் வெளிநாடு போன மாணவர்கள் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேர். படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? இது பெற்றோரின் கவலை. அரசின் கவலையும் இதுதான்.

யார் கவனிப்பார்கள்?

குழந்தைகள் குறைந்தார்கள். இளைஞர்கள் வெளியே போனார்கள். முதியோர் நீண்ட நாள் வாழ்கிறார்கள். 2011 இல் கேரளத்தில் நூறு பேரில் சுமார் 13 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2021 இல் அது 16 அல்லது 17 ஆக உயர்ந்திருக்கும் என்று மத்திய அரசு கணக்கிட்டது. அதே ஆண்டு இந்தியாவுக்குக் கணக்கிட்டது 10.

முதியவர்களில் பெண்கள் அதிகம். அவர்களில் பலர் கணவரை இழந்தவர்கள். மருந்துச் செலவு அதிகம். பென்ஷன் செலவும் அதிகம். 2025 நவம்பர் முதல் சமூக நலப் பென்ஷன் மாதம் 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரி கட்டும் இளைஞர்கள் குறைந்து, பென்ஷன் வாங்கும் முதியோர் கூடினால் அரசு எப்படிச் சமாளிக்கும்?

கேரளம் சும்மா இருக்கவில்லை. படுக்கையில் கிடப்பவர்களின் வலியைக் குறைக்கும் சேவை 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. ஊர் மக்களே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். 2008 இல் அரசு இதை மாநிலத்தின் கொள்கையாக ஏற்றது. பஞ்சாயத்தின் நர்ஸ் வீடு தேடி வருகிறார். புண்ணைக் கழுவுகிறார். மருந்து தருகிறார். நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். தனியாக இருக்கும் முதியவருக்கு அந்த நாலு வார்த்தையும் மருந்துதான்.

வந்தவர்களும் நம்மவர்களே

தென்னை மரம் இருக்கிறது, ஏற ஆள் இல்லை. கட்டடம் எழ வேண்டும், கல் சுமக்க ஆள் இல்லை. அந்த இடத்தை வெளியூர்த் தொழிலாளர்கள் நிரப்பினார்கள். முன்பு தமிழ்நாட்டிலிருந்து பலர் போனார்கள். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உழைக்கின்றன. பிறகு மேற்கு வங்காளம், அசாம், பீகார், ஒடிசா ஆகிய இடங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். 2013 இல் ஓர் ஆய்வு அவர்கள் 25 லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஊரில் கிடைப்பதை விட இங்கே கூலி அதிகம்.

கேரளத்து மகன் வளைகுடாவில் கட்டடம் கட்டினான். அவனுடைய வீட்டை அசாம் மகன் கட்டினான். இருவருடைய தாயும் தனியாகத்தான் காத்திருக்கிறாள்.

2017 இல் கேரள எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைப் பெரும்பாவூரில் தொடங்கியது. மலையாளத்தில் இதற்குத் 'தோழன்' என்று பொருள். வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் படிக்கவும் எழுதவும் கற்றுத் தரும் திட்டம் இது. 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூலும் வந்தது. பஸ் போர்டைப் படிக்கத் தெரிந்தவனை ஊர் ஏமாற்றாது. எழுத்தறிந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நன்மை செய்ததற்குத் தண்டனையா?

மக்கள் தொகையைக் குறையுங்கள் என்று நாடு கேட்டது. கேரளம் குறைத்தது. இப்போது இரண்டு கேள்விகள் எழுந்துள்ளன.

முதல் கேள்வி எம்.பி. இடங்கள். மக்களவையில் கேரளத்துக்கு 1971 கணக்கின்படி 20 இடங்கள் கிடைத்தன. மக்கள் தொகையைக் குறைத்த மாநிலம் இடங்களை இழக்கக் கூடாது என்று 1976 இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களின் இடங்கள் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டன. 2001 இல் செய்த திருத்தம் இதை 2026 க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மக்கள் தொகையை மட்டும் பார்த்து இடங்களைப் பிரித்தால் தங்கள் குரல் குறையும் என்று தென் மாநிலங்கள் சொல்கின்றன.

மறுபக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2011 கணக்கின்படி கேரளத்தில் 17 லட்சம் பேருக்கு ஓர் எம்.பி. பீகாரில் 26 லட்சம் பேருக்கு ஓர் எம்.பி. "எங்கள் ஓட்டின் மதிப்பு ஏன் குறைய வேண்டும்?" என்று பீகார் விவசாயி கேட்கலாம்.

இரண்டாவது கேள்வி பணம். மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று நிதிக் குழு சொல்லும். 1995 முதல் 2000 வரை, பங்கிட்ட ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கேரளத்துக்கு 3 ரூபாய் 88 காசு கிடைத்தது. 2021 முதல் 2026 வரை 1 ரூபாய் 93 காசுதான் கிடைத்தது. இதற்கு மக்கள் தொகை மட்டும் காரணம் அல்ல. வருமானம் கூடிய மாநிலத்துக்குப் பங்கு குறையும் என்பதும் ஒரு விதி. ஏழை மாநிலத்துக்கு அதிகம் தருவது நியாயம். அதே நேரம், முதியோரைத் தாங்கும் மாநிலத்தின் சுமையையும் யாராவது பார்க்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

சிறு குடும்பம் தவறு அல்ல. அது தாயைக் காத்தது, குழந்தையைக் காத்தது. அதை மீண்டும் பெரிய குடும்பமாக மாற்ற யாராலும் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்தவும் கூடாது.

செய்ய வேண்டிய வேலைகள் வேறு. படித்தவருக்கு உள்ளூரில் வேலை வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் இருந்தால் பெண்கள் வேலைக்குப் போக முடியும். முதியோரைக் கவனிக்கும் பொறுப்பை வீட்டோடு ஊரும் ஏற்க வேண்டும். வந்து உழைப்பவரை மரியாதையோடு நடத்த வேண்டும்.

தமிழ்நாடும் அதே பாதையில்தான் போகிறது. கேரளம் முன்னால் நடக்கிறது, அவ்வளவுதான். முன்னால் போகிறவர் கால் எங்கே இடறுகிறது என்று பார்த்துக்கொண்டால், பின்னால் வருகிறவர் விழாமல் நடக்கலாம்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் பாட்டிக்கு எத்தனை குழந்தைகள்? உங்கள் அம்மாவுக்கு எத்தனை? உங்களுக்கு எத்தனை? ஏன் இந்த மாற்றம்?

2. உங்கள் ஊரில் தனியாக வாழும் முதியோர் எத்தனை பேர்? அவர்களுக்கு ஊர் என்ன செய்யலாம்?

3. உங்கள் ஊருக்கு வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் உண்டா? அவர்களோடு பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

4. மக்கள் தொகையைக் குறைத்த மாநிலம், குறைக்காத மாநிலம் இரண்டுக்கும் எம்.பி. இடங்களை எப்படிப் பிரித்தால் நியாயம்?