காட்டுக்குள் தொலைந்துபோன சினிமா லொகேஷன்கள்... தேடிப் போறவங்க எப்படி கண்டுபிடிக்கிறாங்க? எதில் ஜாக்கிரதையா இருக்கணும்?

மூன்று பேர். நடுவில் வட்டமான ஒரு கல் தளம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான கல்லறைகள். துப்பாக்கியை யார் முதலில் எடுப்பது என்று மூவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்க, பின்னணி இசை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

1966-ல் வெளியான ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தின் கிளைமாக்ஸ் இது. இயக்கம் செர்ஜியோ லியோனி, இசை என்னியோ மோரிகோனி. கிளின்ட் ஈஸ்ட்வுட், லீ வான் கிளீஃப், ஈலை வாலக் ஆகிய மூவரும் நடித்த இந்தக் காட்சி, படம் பார்க்காதவர்களுக்கும் ரீல்ஸ், மீம்ஸ் வழியாகத் தெரிந்திருக்கும்.

கதைப்படி அந்த இடம் அமெரிக்கா. உள்நாட்டுப் போரில் இறந்தவர்களின் மயானம். ஆனால் உண்மையில் அது அமெரிக்காவும் இல்லை, மயானமும் இல்லை. வடக்கு ஸ்பெயினில், பர்கோஸ் மாகாணத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு பள்ளத்தாக்கு. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அதன்பிறகு சுமார் 50 ஆண்டுகள் அந்த இடம் புல்லுக்கும் மண்ணுக்கும் அடியில்தான் கிடந்தது.

அதை மறுபடி வெளியே கொண்டுவந்தது அரசோ, சினிமா கம்பெனியோ இல்லை. மண்வெட்டியோடு போன சாதாரண ரசிகர்கள்!

5,000 ‘கல்லறைகள்’ எங்கிருந்து வந்தன?

அப்போது ஸ்பெயினில் ஃபிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி. படக்குழுவுக்கு உதவ ராணுவ வீரர்கள் அனுப்பப்பட்டார்கள். படத்தில் போர் வீரர்களாக வந்து போனதும் அவர்கள்தான், சுமார் 5,000 போலி கல்லறைகளை மண்ணைக் குவித்து, சிலுவை நட்டு உருவாக்கியதும் அவர்கள்தான். ஆட்கள் யாரும் புதைக்கப்படாத மயானம் அது. படத்தில் அதன் பெயர் ‘சாட் ஹில்’.

அதே பகுதியில் அர்லான்ஸா ஆற்றின் மேல் ஒரு பாலமும் கட்டினார்கள். வெடி வைத்துத் தகர்க்க வேண்டிய காட்சி. ஆனால் சிக்னலைத் தவறாகப் புரிந்துகொண்டதில், கேமரா ஓடுவதற்கு முன்பே பாலம் வெடித்துச் சிதறிவிட்டது. வேறு வழியில்லாமல் பாலத்தை முதலிலிருந்து கட்டி, மறுபடியும் வெடித்தார்கள். நாம் படத்தில் பார்ப்பது இரண்டாவது பாலம்.

படம் உலகம் முழுக்க ஓடியது. பள்ளத்தாக்கை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மரச்சிலுவைகள் போய்விட்டன. மாடுகள் மேய்ந்தன. நடுவில் இருந்த கல் தளத்தை மண் மூடியது. மேடு மேடாகத் தெரிந்த கல்லறைக் குவியல்கள் மட்டும்தான் மிச்சம்.

2015-ல் என்ன நடந்தது?

படத்தின் 50-வது ஆண்டு நெருங்கிய நேரம். உள்ளூர் ரசிகர்கள் சிலர் சாட் ஹில் கலாச்சார சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, 2015 அக்டோபரில் தோண்ட ஆரம்பித்தார்கள். சமூக வலைதளத்தில் அழைப்பு போட்டதும் வெளியூர், வெளிநாட்டு ரசிகர்களும் வார இறுதியில் வந்து சேர்ந்தார்கள். புல்லைச் செதுக்கி, மண்ணை அள்ளியபோது, கிளைமாக்ஸில் மூன்று பேரும் நின்ற அதே கல் தளம் வெளியே வந்தது.

செலவுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? 15 யூரோ கொடுத்தால் ஒரு கல்லறைச் சிலுவையில் உங்கள் பெயரை எழுதி நட்டு வைப்போம் என்றார்கள். உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் கல்லறை வேண்டும் என்று காசு கொடுத்தவர்கள் ஏராளம்! இந்த முயற்சி ‘சாட் ஹில் அன்எர்த்டு’ என்ற ஆவணப்படமாக 2017-ல் வந்தது. ஈஸ்ட்வுட், மோரிகோனி இருவருமே அதில் பேசியிருக்கிறார்கள்.

சரி, இடத்தை எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

சாட் ஹில் மட்டுமல்ல, பழைய படங்களின் லொகேஷனைத் தேடி மலை ஏறுவது பல நாடுகளில் ஒரு தனி பொழுதுபோக்காகவே இருக்கிறது. இதற்கு கொஞ்சம் துப்பறியும் மூளை வேண்டும். பொதுவாகப் பின்பற்றப்படும் வழிகள் இவை:

மலை முகடு: காட்சியை நிறுத்தி, பின்னணியில் தெரியும் மலையின் விளிம்புக் கோட்டைப் பார்ப்பார்கள். மரம் வளரும், வெட்டப்படும். ஆறு திசை மாறும். ஆனால் மலை முகட்டின் வடிவம் ஐம்பது, நூறு ஆண்டுகளில் பெரிதாக மாறாது. அதுதான் அந்த இடத்தின் கைரேகை மாதிரி.

நிழல்: நண்பகல் வெயிலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால், கேமரா எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

செயற்கைக்கோள் படம்: தரையில் நின்றால் வெறும் புல்வெளியாகத் தெரிவது, மேலிருந்து பார்த்தால் வட்டமாகவோ, நேர்கோடாகவோ தெரியும். இயற்கை அவ்வளவு ஒழுங்காக வட்டம் போடாது. அங்கே மனிதர் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஊர்ப் பெரியவர்கள்: கூட்டத்தில் நின்று நடித்தவர், படக்குழுவுக்கு சாப்பாடு கொண்டுபோனவர், வண்டி ஓட்டியவர் என யாராவது ஒருவர் ஊரில் இருப்பார். மேப்பில் கிடைக்காத தகவல் டீக்கடையில் கிடைத்துவிடும்.

ஒன்றை ஒன்று மறைக்கும் புள்ளி: அந்த இடத்துக்குப் போன பிறகுதான் இது. படத்தின் ஸ்டில்லை கையில் பிடித்துக்கொண்டு, அருகில் உள்ள பாறை தூரத்து மலையின் எந்த இடத்தை மறைக்கிறது என்று ஒப்பிடுவார்கள். லென்ஸை மாற்றினால் மலை பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். ஆனால் எது எதை மறைக்கிறது என்பது கேமரா நின்ற இடத்தை மட்டுமே பொறுத்தது. இடம், வலம், முன், பின் என நகர்ந்து, எல்லாம் பொருந்தும் இடத்தில் நின்றால், ஒளிப்பதிவாளர் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள்.

ஒரு சிக்கலும் உண்டு. ஒரே காட்சித் தொடரை வெவ்வேறு ஊரில் எடுத்து எடிட்டிங்கில் ஒட்டியிருப்பார்கள். இதே படத்தின் பாலைவனக் காட்சிகள் ஸ்பெயினின் தெற்கே அல்மேரியாவில் எடுக்கப்பட்டவை. மயானம் இருப்பதோ வடக்கே!

மணலுக்குள் ஒரு எகிப்து

இதைவிட பழைய கதை ஒன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. 1923-ல் வந்த ‘தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ மௌனப் படத்துக்காக, இயக்குநர் செசில் பி.டெமில் குவாடலூப் மணல்மேடுகளில் ஒரு எகிப்து நகரத்தையே செட் போட்டார். 100 அடிக்கும் மேல் உயரமான சுவர்கள், வரிசையாக 21 ஸ்பிங்ஸ் சிலைகள். படம் முடிந்ததும் செட்டை இடித்து, மணலுக்குள் தள்ளி மூடிவிட்டார்கள்.

ஆயிரம் ஆண்டு கழித்து தொல்லியல் ஆய்வாளர்கள் இதைத் தோண்டி எடுத்தால், எகிப்தியர்கள் அமெரிக்கா வரை வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடப் போகிறார்கள் என டெமில் தன் சுயசரிதையில் கிண்டலாக எழுதியிருந்தார். அந்தத் தகவலைப் பிடித்துக்கொண்டு 1980-களில் ஒரு ஆவணப்பட இயக்குநர் தேடிப் போக, செட் அங்கேயே கிடந்தது. ஆனால் முறையாகத் தோண்டி ஒரு ஸ்பிங்ஸ் தலையை வெளியே எடுக்க 2012 ஆகிவிட்டது. காரணம், நிதியும் அனுமதியும் எளிதில் கிடைக்கவில்லை. சிலைகள் அத்தனையும் வெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஈர மணலில் இருந்து எடுத்தால் கையோடு உதிர்ந்துவிடும். அவசரப்பட்டு யாராவது மண்வெட்டியைப் போட்டிருந்தால் இன்று மியூசியத்தில் வைக்க எதுவுமே மிஞ்சியிருக்காது.

துனிசியாவில் நிலைமை தலைகீழ். 1999-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காக பாலைவனத்தில் போட்ட செட்டை நோக்கி, ஆண்டுக்கு சுமார் 15 மீட்டர் வேகத்தில் ஒரு மணல்மேடு நகர்ந்து வந்ததை விஞ்ஞானிகள் அளந்தே சொன்னார்கள். தேடிப் போவதற்குள் இடமே மறைந்துவிடும் ஆபத்து!

உயிருக்கே உலை வைத்த ‘லொகேஷன்’ மோகம்

இந்தக் கதைகளைக் கேட்டால் நாமும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாமே என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை.

அமெரிக்காவின் அலாஸ்கா காட்டில் கைவிடப்பட்ட ஒரு பழைய பஸ் நின்றது. 1992-ல் அதில் தங்கியிருந்த இளைஞர் ஒருவர் அங்கேயே உயிரிழந்தார். அவரது கதை புத்தகமாகி, 2007-ல் ‘இன்டூ தி வைல்ட்’ என்ற படமும் ஆனது. படத்துக்குப் பயன்படுத்தியது மாதிரி பஸ்தான். ஆனாலும் நிஜ பஸ்ஸைப் பார்க்க ரசிகர்கள் ஆற்றைக் கடந்து நடக்க ஆரம்பித்தார்கள். 2010-லும் 2019-லும் இரண்டு பெண்கள் ஆற்று வெள்ளத்தில் சிக்கி இறந்தார்கள். பலர் மீட்கப்பட்டார்கள். கடைசியில் 2020 ஜூனில் ராணுவ ஹெலிகாப்டரைக் கொண்டு அந்த பஸ்ஸையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நம்ம ஊரில் கொடைக்கானல் குணா குகை இதற்குச் சாட்சி. ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று அழைக்கப்பட்ட இடம், 1991-ல் கமல்ஹாசனின் ‘குணா’ வந்த பிறகு பெயரே மாறிப்போனது. படத்தில் பார்த்த இடத்தைத் தேடி உள்ளே போனவர்களில் பலர் பாறை இடுக்குகளில் விழுந்து உயிரிழந்தனர். 2006-ல் கேரள இளைஞர் ஒருவர் உள்ளே விழ, நண்பரே கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார். அந்தச் சம்பவம்தான் 2024-ல் ‘மஞ்சுமெல் பாய்ஸ்’ ஆனது. அந்தப் படத்தின் குகைக் காட்சிகள் பெரும்பாலும் செட் போட்டு எடுக்கப்பட்டவை. படக்குழுவே உள்ளே போய் எடுக்காத இடத்துக்குள், படம் பார்த்துவிட்டுத் தடுப்பைத் தாண்டிப் போன இளைஞர்கள் கைதானதும் அப்போது செய்தியானது.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

* தமிழ்நாட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் கடுமையாக்கப்பட்டுள்ளன.

* 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகள் உள்ளன. ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம்.

* தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சிக்னல் இருக்காது என்று நினைத்தே மேப்பை முன்கூட்டி டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

* ஞாபகார்த்தமாக ஒரு கல்லோ, மரத்துண்டோ எடுத்து வராதீர்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் அடுத்தவர் பார்க்க அங்கே எதுவும் இருக்காது.

* ஆபத்தான இடம் என்றால் சரியான லொகேஷனை சோஷியல் மீடியாவில் போடாதீர்கள். உங்களுக்கு வழி தெரியும். லைக்ஸுக்காகக் கிளம்பும் அடுத்தவருக்குத் தெரியாது.

சாட் ஹில் இன்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கும் இடம். சாண்டோ டொமிங்கோ டி சிலோஸ் என்ற ஊரிலிருந்து சில கிலோமீட்டர் நடந்தால் போதும். தொலைந்த இடத்தைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், வார வாரம் வந்து புல் வெட்டியவர்கள் இருந்ததால்தான் அது சாத்தியமானது. அலாஸ்காவில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அங்கே பஸ்ஸும் இப்போது இல்லை.