விளையாட்டும் உலக நலனும்

பொழுதுபோக்கிற்கே உரியன என்று நாம் கருதும் கணினி விளையாட்டுக்கள், உலகைப் பீடிக்கும் பெரும் பிரச்சினைகளைத் தீர்க்கத் துணைபுரியுமா? இவ்வினாவைக் கேட்ட அளவிலே நேயர்களுட் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், உண்மையில் நிகழ்ந்த ஒன்றை ஆராய்ந்தபின் முடிவு செய்தலே முறையாகும்.

உயிர்களின் உடலில் நடைபெறும் தொழில்களுட் பெரும்பாலானவற்றைச் செய்வன புரதங்கள். அமினோ அமிலங்கள் மணிகள்போற் கோக்கப்பெற்ற நீண்ட சங்கிலியே புரதம். அது தனக்குரிய வடிவத்தில் மடிந்த பின்னரே தொழிற்படும். நோய்க்கிருமியின் புரத வடிவத்தை அறிந்தால், அதனைத் தடுக்கும் மருந்தை வகுத்தல் எளிதாகும். பூட்டின் உள்ளமைப்பை அறிந்தவனுக்குத் திறவுகோல் செய்தல் அரிதன்றே! ஆனால், ஒரு சங்கிலி மடியக்கூடிய வகைகளோ எண்ணில் அடங்கா.

அமெரிக்காவிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2008ஆம் ஆண்டில் இப்பணியையே 'ஃபோல்டிட்' என்னும் விளையாட்டாக அமைத்தனர். ஆடுவோர் திரையிலே தோன்றும் புரதத்தை இழுத்தும் திருப்பியும் மடிப்பர். அமைப்பு உறுதிபெறுந்தோறும் புள்ளிகள் கூடும். விஞ்ஞானப் பயிற்சியில்லாதாரும் இதில் ஈடுபட்டனர்.

குரங்குகளுக்கு எயிட்ஸ் போன்ற நோயை விளைக்கும் வைரசு ஒன்றின் நொதிய வடிவம் பத்தாண்டுகளுக்கு மேலாக அறிஞர்க்கு எட்டாதிருந்தது. ஆட்டக்காரரிடம் அதனை விடுத்தபோது, மூன்று வாரங்களுள் ஏற்றதோர் உருவத்தை அமைத்தளித்தனர். அதனை எக்ஸ் கதிர்ச் சோதனையிற் பெற்ற தரவுகளோடு பொருத்தி, விஞ்ஞானிகள் உண்மை வடிவத்தைக் கண்டனர். 2011இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஆட்டக் குழுக்களின் பெயர்களும் இடம்பெற்றன.

இவ்வெற்றிக்குக் காரணங்கள் இரண்டு. புள்ளி பெறும் வழியும் உண்மையை அணுகும் வழியும் அவ்விளையாட்டில் ஒன்றாயிருந்தன. வெல்ல முயன்றவன் ஆராய்ச்சியையே செய்தான். அன்றியும், அவன் கண்டதைச் சோதித்துப் பார்க்க அறிஞர் இருந்தனர்.

2007இல் தோன்றிய 'ஃப்ரீரைஸ்' என்னும் வினாவிடை விளையாட்டை இதனோடு ஒப்பிடலாம். அதிலே சரியான விடைகளுக்குப் பரிசாக, பசித்தோர்க்கு அரிசிமணிகள் வழங்கப்பட்டன. நற்பணியே, எனினும், அரிசியை வாங்கியது விளம்பரதாரர் தந்த பணம். ஆடியவரின் சொல்லறிவு பசியின் காரணத்தைத் தீண்டவில்லை.

புரதத் துறையிலும் நிலைமை மாறிவிட்டது. 2020இல் 'அல்பாஃபோல்ட்' என்னும் செயற்கை நுண்ணறிவு முறை புரத வடிவங்களை வியத்தகு துல்லியத்துடன் கணித்தது. ஆட்டக்காரரின் பணி வீணாயிற்றோ எனின், அன்று. இயற்கையில் இல்லாத புதிய புரதங்களை வகுக்கவும் அவர்கள் முற்பட்டிருந்தனர். அவர்கள் வகுத்தவற்றுள் 146ஐச் சோதித்தபோது 56 உறுதியாக மடிந்தன என 2019இல் அறிவிக்கப்பட்டது.

ஆகவே, ஒரு பிரச்சினையின் முடிச்சு அறிவுக்கு எட்டாத புதிராக இருக்குமிடத்து, பல்லாயிரவரின் கண்ணும் பொறுமையும் விளையாட்டின் வழியே உதவக்கூடும். உணவு களஞ்சியத்தில் இருக்க, அதனைப் பகிரும் மனம் மாந்தரிடம் இல்லாதவிடத்து, எத்துணைப் புள்ளிகள் பெற்றும் பயன் என்னை?