ஒருவர் குரலில் பேசும் நிறுவனம்

அழகுசாதனத் துறையில் குப்பிக்குள் இருக்கும் திரவத்தைவிட அதன்மேல் ஒட்டப்பட்ட சொற்களுக்கே பெரும்பாலும் விலை அதிகம். அச்சொற்களை எழுதுவோரும் லேபிளை வடிவமைப்போரும் அத்துறையின் முதன்மை உற்பத்தியாளர்கள் என்றே நான் கருதுகிறேன். பொருளியல் பாடநூல்களில் இவர்களுக்குத் தனி அத்தியாயம் கிடையாது. இருந்திருந்தால், கனடாவின் டொரன்டோ நகரில் 2013-இல் பிராண்டன் ட்ரூஆக்ஸ் தொடங்கிய டெசியெம் நிறுவனத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருப்பேன்.

2016-இல் வெளிவந்த அதன் 'தி ஆர்டினரி' வரிசையில் அழகியின் படமோ இளமை குறித்த வாக்குறுதியோ இல்லை. 'நியாசினமைடு 10% + ஜிங்க் 1%' என மருந்துக்கடைப் பொருள்போல வெள்ளை லேபிள், விலையும் மலிவு. பேச்சைக் குறைத்ததே அங்கு படைப்பாற்றல். மறு ஆண்டு எஸ்டீ லாடர் நிறுவனம் சிறுபான்மைப் பங்குகளை வாங்கியது.

2018 ஜனவரியில், விளம்பரத் திட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்துவிட்டதாகவும் இனித் தாமே வாடிக்கையாளரிடம் பேசப்போவதாகவும் நிறுவனர் இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். நிறுவனத்தின் குரலைச் செதுக்குவதையே வேலையாகக் கொண்ட ஊழியரின் நாற்காலியிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். அடுத்த மாதமே இணைத் தலைமை நிர்வாகி நிக்கோலா கில்னர் பணிநீக்கம் செய்யப்பட்டார் (அவ்வாண்டே திரும்பவும் அழைக்கப்பட்டார்). அக்டோபர் 8 அன்று, செயல்பாடுகள் அனைத்தையும் நிறுத்துவதாக நிறுவனர் காணொளி வெளியிட்டார்; கடைகள் மூடப்பட்டன.

எஸ்டீ லாடர் ஒன்டாரியோ நீதிமன்றத்தை நாடியது. அக்டோபர் 12 அன்று நிறுவனர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத முதலீட்டாளருக்கு நான்கே நாட்களில் பரிகாரம் கிடைத்தது. சம்பளத்துக்கு வடிவமைப்பவருக்கு நடைமுறையில் அந்த வாசல் இல்லை. ராஜிநாமா செய்யலாம், அவ்வளவே. அதிலும் நட்டமுண்டு. தையற்காரர் கடை மாறினால் கத்தரிக்கோல் கூடவே வரும். ஒரு நிறுவனரின் ரசனைக்கென்றே பழகிய கண்ணுக்கு வேறிடத்தில் அதே மதிப்புக் கிடைக்காது. நிறுவனம் சார்ந்த மனித மூலதனம் என்று வகுப்பறையில் இதைத்தான் சொல்வோம்.

நிறுவனரைக் கொடுங்கோலராக்குவது எளிது, நியாயமன்று. அவருடைய மனநலம் குறித்த கவலை அப்போதே வெளிப்படையாகப் பேசப்பட்டது. 2019 ஜனவரியில், 40 வயதில் மறைந்தார். அவருடைய பிடிவாதம் இல்லையேல் அந்த வெள்ளை லேபிளும் இல்லை.

இத்தகைய நிறுவனங்களில் சேரப்போகும் பழைய மாணவர்கள் யோசனை கேட்டால், நான் சம்பளத்தை முதலில் விசாரிப்பதில்லை. நிறுவனரை மறுத்துப் பேசக்கூடியவர் இயக்குநர் குழுவில் எவரேனும் உண்டா, திடீரென நீக்கினால் எத்தனை மாத ஊதியம் என்பது எழுத்தில் உள்ளதா, செய்த வேலையைத் தன் பெயரில் பிறருக்குக் காட்ட அனுமதி உண்டா என்றே கேட்கிறேன். மூன்றாவது கேள்வியை அவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்திடம் கேட்டிருப்பதே இல்லை.