பட்டியலில் ஏறாத பதக்கம்

புது தில்லி: ஜகார்த்தாவில் 2018-இல் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பிரணாப் பர்தன் - ஷிப்நாத் சர்க்கார் இணை வென்ற தங்கம் இந்தியாவின் கணக்கில் ஏறியது. அங்கேயே 'ஹார்த்ஸ்டோன்' என்ற மற்றொரு சீட்டு விளையாட்டில் குஜராத்தின் புஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா வென்ற வெண்கலம் ஏறவில்லை. இ-ஸ்போர்ட்ஸ் அப்போது காட்சிப் போட்டியாக மட்டுமே இடம்பெற்றிருந்தது.

ரம்மியைப் போல அனைவருக்கும் பொதுவான சீட்டுக்கட்டு இதில் கிடையாது. வீரர் தாம் சேகரித்த சீட்டுகளிலிருந்து 30-ஐத் தேர்ந்து தமக்கென ஒரு கட்டை அமைக்கிறார். ஆட்டம் கணினித் திரையில் நடக்கிறது. எதிராளி எத்தகைய கட்டுடன் வருவார் என்று கணிப்பதில்தான் பாதி வெற்றி. சீட்டு என்றாலே சூது என்று முகம் சுளிப்போருக்கு இதை விளங்கவைப்பது எளிதன்று.

மத்திய அரசு 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. மறு ஆண்டு சீனாவின் ஹாங்ஜோவில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் அதற்கு முழுப் பதக்கத் தகுதியும் கிடைத்தது. ஆனால், ஹார்த்ஸ்டோன் அங்கு இல்லை. அதன் உரிமையாளரான அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனத்துக்கும் சீனாவின் நெட்ஈஸ் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2023 ஜனவரியில் முடிவுக்கு வந்து, சீனாவில் அந்த ஆட்டத்தின் சேவையே நின்றுபோனது. அதையடுத்து அது போட்டிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியா தேர்வு செய்திருந்த வீரர்களின் பயணமும் நின்றது.

நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸுக்கு நுழைவுக் கட்டணத்தையும் பரிசுத் தொகையையும் அனுமதித்தது. உரிமையாளர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டால் வீரர்களின் கதி என்ன என்பதற்கு அதில் ஏற்பாடு ஏதும் இல்லை.