உஷார்! “எல்லாம் ஒரே இன்ஜின்தான் சார்” என்றால் நம்பாதீர்கள்

லாரி வைத்திருக்கிறீர்களா? தண்ணீர் லாரியோ, மணல் லாரியோ, தி.நகர் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வண்டியோ, எதுவானாலும் இதைப் படித்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

வேறு வருஷத்து வண்டியில் கழற்றிய பார்ட்ஸை உங்கள் இன்ஜினில் மாட்டாதீர்கள்! போல்ட் சரியாக உட்கார்ந்தாலும் மாட்டாதீர்கள்!

அடையாறில் தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒருவர். கோடை நேரம், ஓயாத ட்ரிப். ஒரு இன்ஜெக்டர் சொட்ட ஆரம்பித்தது. புதுசு விலை கேட்டார், மலைத்துப் போனார். “அதே கம்பெனி, அதே இன்ஜின், வருஷம்தான் கொஞ்சம் முந்தி” என்று யாரோ பழசு ஒன்றைக் கொடுத்தார்கள். மாட்டினார்கள். ஸ்டார்ட் ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம்.

சில நாளில் புகை கூடியது. டிரைவர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். லெவல் ஏறியிருந்தது. “ஆயிலே குடிக்கல, நல்ல இன்ஜின்!” என்றாராம். ஐயோ, ஏறியது ஆயில் இல்லை. எரியாத டீசல் லைனர் வழியாகக் கீழே இறங்கிக் கலந்திருக்கிறது!

கடைசியில் முழு லோடோடு திரு.வி.க. பாலத்தில் வண்டி நின்றது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீரிங் கல்லாகிவிடும். ஏர் பிரேக்குக்குப் புதுக் காற்று ஏறாது. பின்னால் ஸ்கூல் வேன்கள் நின்றிருந்தால்? பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன் தலை உருகி ஓட்டை. மிச்சம் பிடிக்கப் போய் முழு இன்ஜின் வேலை.

ஏன் இப்படி? வெளியே பிளாக் ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு. புகை விதி மாறும்போதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பிஸ்டன் குழியின் வடிவத்தையும் நாசில் ஓட்டையின் கோணத்தையும் மாற்றுவார்கள். கோணம் தப்பினால் டீசல் குழியில் விழாது, லைனர் சுவரில் அடிக்கும். காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். உங்கள் லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார்தான்!

வருஷத்தை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பி.எஸ்.4 புகை விதி 2010 ஏப்ரலிலேயே வந்தது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரல் 1. நடுவில் ஏழு வருஷம் இரண்டு விதமும் விற்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்து, கரியைப் பிடிக்கும் டிபிஎஃப், புகையைச் சுத்தமாக்கும் ஆட்ப்ளூ எல்லாம் சேர்ந்தன. தப்பான இன்ஜெக்டர் கரியைக் கக்கினால் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும், வண்டி இழுக்காது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓரங்கட்டுங்கள்:

• ஆயில் லெவல் தானாக ஏறுகிறது, ஆயிலில் டீசல் வாடை.

• காலையில் வெள்ளைப் புகை, ஏற்றத்தில் கரும்புகை.

• ஐடிலில் ‘டக் டக்’ என்று புதுச் சத்தம். ஹெட் கேஸ்கெட் கனம் குறைந்திருந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம்.

• செக் லைட் அணைய மறுக்கிறது. “பல்பைக் கழற்றிடலாம்” என்று சொல்பவரிடம் வண்டியை விடவே விடாதீர்கள்.

• டீசல் பைப் கசிகிறது. கையால் தடவிப் பார்க்காதீர்கள்! அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டையைக் காட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி!

சட்டமும் சும்மா விடாது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இன்ஜினையே மாற்றினால் ஆர்.சி.யில் புது நம்பர் ஏற வேண்டும். மந்தைவெளியோ திருவான்மியூரோ, எந்த ஆர்.டி.ஓ.விலும் இதுதான் கதை. நம்பர் பொருந்தாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

பழைய பார்ட்ஸே கூடாது என்று சொல்லவில்லை. புதுப்பேட்டைக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் சரியான பார்ட் நம்பரை முதலில் வாங்குங்கள். கழற்றிய பார்ட்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். பொறித்திருக்கும் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இன்ஜெக்டர் தலையில் ‘கோட்’ (code) பொறித்திருந்தால், மாட்டியதும் ஸ்கேனர் போட்டு அதை இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவில் ஏற்றச் சொல்லுங்கள்.

நம்பர் அழிந்திருக்கிறதா? அரை விலைக்குத் தந்தாலும் வேண்டாம். வைத்துவிட்டு வாருங்கள்!