திரௌபதி நடக்கும் ராத்திரி

சைத்ர மாதப் பௌர்ணமியன்று பெங்களூரின் பழைய பேட்டைத் தெருக்கள் தூங்குவதில்லை. நள்ளிரவு தாண்டி, திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோவிலிலிருந்து கரகம் புறப்படும். சுமப்பவர் ஆண், ஆனால் அன்று அவர்தான் திரௌபதி. மஞ்சள் சேலை, வளையல், கழுத்தில் மனைவியின் தாலி. தலையில் மல்லிகைச் சரம் போர்த்திய உயரமான கரகம். கையால் தொடக் கூடாது. சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். கரகம் சரிந்தால் சுமப்பவர் மீதே அந்த வாள் பாயும் என்பது மரபு.

திமிராசுரனை அழிக்கத் திரௌபதி படைத்தவர்கள் இந்த வீரகுமாரர்கள் என்பது கதை. அவள் விடைபெற்றபோது பிரிய மனமில்லாமல் கெஞ்சியவர்களிடம், வருடம் ஒருமுறை வருகிறேன் என்றாளாம். அந்த வாக்குதான் திருவிழா. அதை நடத்தும் திகளர்கள் தோட்டக்காரச் சமூகம். வீட்டில் பேசுவது கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழ். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் இதே பாரதம் தெருக்கூத்தாக விடிய விடிய நடக்கும். பெங்களூரில் வசனமே கிடையாது. ஒருவரின் நடையும் கழுத்தும்தான் மொத்த நாடகம்.

இடைக்கால ஐரோப்பாவில் இதற்குப் பங்காளி உண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரில், கார்ப்பஸ் கிறிஸ்டி திருநாளன்று விடியற்காலையிலேயே நாடக வண்டிகள் கிளம்பும். 1376-லேயே அவற்றைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை சுமார் 48 நாடகங்கள்; தெருவில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் நின்று நின்று ஆடுவார்கள். ஒவ்வொரு நாடகமும் ஒரு தொழிற்சங்கத்தின் பொறுப்பு. நோவாவின் பேழையைக் கட்டுவது கப்பல் தச்சர்கள், கடைசி இராப்போஜனம் ரொட்டிக்காரர்கள். சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்கிறவர்களுக்கு! குறும்பா, பக்தியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெண் வேடம் பெரும்பாலும் ஆண்களுக்கே.

மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1569-ஓடு யார்க் வண்டிகள் நின்றன. மறுபடி நாடகம் போட 1951 வரை ஆயிற்று. மேலிடம் கண்ணை உருட்டியதும் நின்றுபோகிற அளவுக்கு அது நகராட்சியின் கையில் இருந்தது. கரகம் ஒரு சமூகத்தின் கையில் இருக்கிறது. சடங்குக்குரிய சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி கண்டீரவா மைதானமாகிவிட்டது, சடங்கு நிற்கவில்லை. 2020 ஊரடங்கில்கூடக் கோவிலுக்குள்ளேயே சிலரை வைத்து நடத்தினார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் கோவில் வாசல் நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். காட்டன்பேட்டைக்குப் போய்விடுங்கள். அங்கே தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய் வராமல் கரகம் கோவிலுக்குத் திரும்பாது.