திரள்நிதி: ஊர் கூடி இழுக்கும் தேர்

தொழில் தொடங்க முதல் வேண்டும். முதல் இல்லாதவன் வங்கிக்குச் சென்றால் ஈடு கேட்கிறார்கள். நிலமோ வீடோ இல்லாத குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியிருக்கும் என் போன்றோருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் பாதிதான் திறக்கிறது. வட்டிக்கடையின் கதவோ எப்போதும் திறந்தே இருக்கிறது. உள்ளே போனவர் மீள்வதுதான் அரிது. இவையன்றி மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பலரிடம் சிறிது சிறிதாகப் பெற்றுப் பெருந்தொகையாக்கும் அவ்வழியை ஆங்கிலத்தில் 'கிரவுட் ஃபண்டிங்' என்பர். தமிழில் திரள்நிதி எனலாம்.

பெயர் புதிது, வழக்கம் பழையது

அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலை பிரெஞ்சு மக்களின் அன்பளிப்பு. ஆனால் அதை நிறுத்தப் பீடம் கட்டப் பணம் போதவில்லை. 1885ஆம் ஆண்டு ஜோசப் புலிட்சர் தமது 'வேர்ல்ட்' நாளிதழில் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் தந்தவர் பெயரை இதழில் அச்சிடுவதாக உறுதி கூறினார். ஏறத்தாழ ஐந்தே மாதங்களில் 1 இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களுள் பெரும்பாலோர் அளித்தது ஒரு டாலருக்கும் குறைவே.

நம் நாட்டில் 1976இல் வெளிவந்த 'மந்தன்' என்னும் இந்தித் திரைப்படத்தை ஷியாம் பெனகல் இயக்கினார். குஜராத்தின் பால் கூட்டுறவு உழவர்கள் 5 இலட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து அதனைத் தயாரித்தனர். தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தும் இவ்வகையில் ஓர் உறவே. அங்கே மொய் நோட்டுதான் பத்திரம். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்னும் ஊர்க் கட்டுப்பாடே சட்டம்.

நான்கு வகைகள்

இன்று இப்பணியை இணையம் செய்கிறது. 2009இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட 'கிக்ஸ்டார்ட்டர்' இதில் பெயர் பெற்றது. குறித்த நாளுக்குள் குறித்த தொகை சேராவிடில் கொடுக்க முன்வந்த எவரிடமும் பணம் எடுக்கப்படாது என்பது அதன் விதி.

திரள்நிதியை நான்காகப் பிரிக்கலாம். மருத்துவம், கல்வி போன்றவற்றிற்குத் திரும்ப எதிர்பாராமல் தருவது நன்கொடை. உருவாகப் போகும் பொருளையே கைம்மாறாகப் பெறுவது வெகுமதி முறை. வட்டியுடன் திரும்பப் பெறுவது கடன் முறை. தொழிலில் உரிமையாளராகவே சேர்வது பங்கு முறை. முதல் வகையில் கொடுப்பவர் பார்க்க வேண்டியது உண்மையை. பின் மூன்றிலும் உண்மையோடு நட்டத்தையும் பார்க்க வேண்டும்.

கப்பல் தரும் பாடம்

பங்கு முறைக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். 40,000 பங்குகளின் வழியாக 10 இலட்சம் ரூபாய் திரட்டுவது திட்டம். மக்கள் பணத்தில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன, கொழும்புக்கு ஓடின. போட்டியிட்ட ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது.

அந்நியரை எதிர்த்துக் கப்பல் விட்ட பெருமை என்றும் அழியாது. ஆயினும் பொருளியல் மாணவரும் இதில் கற்க வேண்டியது உண்டு. திரண்ட பணம் கப்பலை வாங்கித் தரும். போட்டியைத் தாங்கி அதை நெடுநாள் ஓட்ட மேலும் முதலும், ஒருவர் இல்லாவிடினும் நடத்தவல்ல நிர்வாகமும் வேண்டும். அவை குறையும்போது இழப்பு பங்குதாரர் தலையில் விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இக்காரணத்தினால்தான் அரசு கவனமாக இருக்கிறது. நம் நாட்டில் ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வழங்க முன்வந்தால் அது பொது வெளியீடாகக் கருதப்படும். அதற்குரிய விதிகள் அனைத்தும் பொருந்தும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் 'செபி' 2014இல் இதுபற்றிக் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. அனுமதியின்றி இணையத்தில் பங்கு திரட்டும் தளங்களைக் குறித்து 2016இல் முதலீட்டாளர்களை எச்சரித்தது. கடன் முறைத் தளங்களுக்கு ரிசர்வ் வங்கி 2017இல் விதிகள் வகுத்தது.

கொடுக்குமுன் கேட்போம்

நம் கைப்பேசிக்கு வரும் உதவி வேண்டுகோள்கள் பல. உருக்கமான படத்தைக் கண்டதும் பணம் அனுப்புகிறோம். பத்துப் பேருக்கும் அனுப்பி வைக்கிறோம். அதற்குமுன் சில வினாக்கள் எழ வேண்டும். கேட்பவர் யார்? பணம் மருத்துவமனை அல்லது கல்லூரியின் கணக்கிற்கு நேரே செல்கிறதா? தளம் பிடித்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு? செலவுக் கணக்கை யார் காட்டுவார்? ஒரு பொய்யான வேண்டுகோள் களவாடுவது நம் நூறு ரூபாயை மட்டுமா? அடுத்து வரும் உண்மையான நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய நம்பிக்கையையும் அன்றோ அது கொண்டுபோகிறது!

நாளை நம்மில் ஒருவர் தொழில் தொடங்கலாம். ஒருவர் தம் ஊர்ப் பள்ளிக்கு நூலகம் அமைக்கலாம். அன்று ஊராரிடம் கை நீட்டுவதில் இழிவில்லை. ஆனால் வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லும் கடமை உண்டு. புலிட்சர் பெயர்களை அச்சிட்டார். நம் ஊரார் மொய் நோட்டில் எழுதுகின்றனர். ஊர் கூடித் தேர் இழுக்கலாம் நண்பர்களே. வடம் பிடித்த கைகளை மறவாதிருந்தால் அடுத்த ஆண்டும் ஊர் கூடும்!